கிதாரின் நாதத்தை எங்கே மொள்வது?

எஃகுக் கம்பி பூட்டிய ஒரு மரக் கிதாரின் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமமான விசையோடு அதன் முகப்பலகையை இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருக்கின்றன என்பதும், அந்த இழுவையைத் தாங்கி நிற்கும் ஸ்ப்ரூஸ் பலகையின் கனம் 3 மில்லிமீட்டர் அளவுதான் என்பதும், அவ்வாத்தியத்தை நாள்தோறும் மடியில் வைத்து வாசிப்பவர்கள்கூட அதிகம் நினைத்துப் பார்க்காத விஷயங்கள். கம்பி தன்னந்தனியே பெரிய நாதம் எழுப்ப வல்லதன்று. அவ்வளவு மெல்லிய பொருள் காற்றினூடே அசையும்போது, முன்னால் உள்ள காற்று அமுங்குவதற்கு முன்பே பக்கவாட்டில் வழுகிப் பின்னால் போய்விடுகிறது. ஆகவே கம்பியின் அசைவு முதலில் சாடில் என்னும் சிறு எலும்புத் துண்டின்மேல் ஏறி, அங்கிருந்து பிரிட்ஜ் என்னும் கட்டைக்கு இறங்கி, அக்கட்டை ஒட்டப்பட்டிருக்கும் முகப்பலகை முழுவதையும் அசைத்து, பலகையின் அசைவால் பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஒலித்துளை வழியே உள்ளும் புறமும் சுவாசிக்க, இத்தனைக்கும் பிறகே நம் காதுக்கு வந்து சேருகிறது. அந்தக் காற்றின் சுவாசத்துக்கு இயல்பான வேகம் பெரும்பாலான கிதார்களில் விநாடிக்கு 100 அதிர்வுகளை ஒட்டியும், முகப்பலகையின் முதன்மையான அசைவுக்கு 200 அதிர்வுகளை ஒட்டியும் அமைந்திருக்கிறது. மிகத் தடித்த ஆறாம் கம்பியின் ஸ்வரம் 82 அதிர்வுகள், ஐந்தாவதன் ஸ்வரம் 110, மூன்றாவதன் ஸ்வரம் 196 என்று பார்த்தால், நாம் கிதாரின் 'குரல்' என்று ரசிக்கும் அந்தக் கதகதப்பான கீழ்ஸ்தாயி இவ்விரண்டு அனுநாதங்களின் கொடையே என்பது விளங்கும்.

இந்த நெடிய பிரயாணத்தில் எந்த இடத்தில் நின்று ஒலியை மின்சாரமாக மாற்றுவது என்பதுதான் பிக்கப் தேர்வின் முழு விஷயமும். ஒரே ஆற்றின் நீரை மலையடிவாரத்திலும், நடுச்சமவெளியிலும், கழிமுகத்திலுமாக மூன்று துறைகளில் மொண்டால் மூன்று வகை நீர் கிடைப்பது போல, கம்பியருகே எடுத்த ஒலியும், சாடிலின் அடியில் எடுத்த ஒலியும், பலகையில் எடுத்த ஒலியும், வெளிக்காற்றில் எடுத்த ஒலியும் ஒரே கிதாருடையனவாயினும் ஒன்றுக்கொன்று ஒத்திரா. கடைகளில் 'இயற்கையான ஒலி' என்ற சொற்றொடரை எல்லா வகைச் சாதனங்களின் பெட்டிகளிலும் காணலாம். ஆனால் வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி, இந்தச் சாதனம் எந்தத் துறையில் நிற்கிறது, அங்கே நிற்பதால் எதைப் பெறுகிறது, எதை இழக்கிறது என்பதே.

முதலில், கிதாருக்கு முன்னால் ஒரு நல்ல மைக்கை வைத்துவிட்டால் போதாதா என்ற நியாயமான கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். ஒலிப்பதிவு அறையில் போதும். அங்கே அதைவிடச் சிறந்த மார்க்கமே இல்லை என்பது என் அபிப்பிராயம். மேடையில்தான் இடையூறு வருகிறது. மைக் வாங்கிய ஒலி ஸ்பீக்கரில் பெருகி வெளிவந்து, மறுபடியும் அதே மைக்கில் நுழைந்து, மேலும் பெருகி வெளிவர, ஒரு சுற்றில் பெறும் பெருக்கம் ஒன்றுக்கு மேற்பட்ட கணத்தில் மண்டபம் அதிர ஊளை கிளம்புகிறது. டென்மார்க் தேசத்து விஞ்ஞானி ஸோரன் லார்ஸன் ஆராய்ந்ததால் லார்ஸன் விளைவு என்று சாஸ்திரகாரர்கள் குறிப்பிடும் இதை மேடைக்காரர்கள் ஃபீட்பேக் என்பார்கள். கிதாரின் விசேஷமான துன்பம் என்னவென்றால், மைக்கையே அகற்றிவிட்டாலும் ஃபீட்பேக் அகலாது. ஏனெனில் கிதாரின் உடம்பே ஒரு மைக்காக வேலை செய்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸும் அவருக்குப் பின் ராலே பிரபுவும் நிலைநாட்டிய பரஸ்பரத் தத்துவத்தின்படி, எந்த அதிர்வெண்ணில் ஒரு பொருள் காற்றுக்கு ஒலியை நன்றாகக் கொடுக்கிறதோ, அதே அதிர்வெண்ணில் காற்றிலிருந்து ஒலியை நன்றாக வாங்கவும் செய்யும். 100-லும் 200-லும் முழங்கித் தரும் பலகையும் பெட்டியும், ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலியையும் அதே 100-லும் 200-லும்தான் ஆவலோடு ஏற்கின்றன. ஆக, ஒரு பிக்கப் கிதாரின் உடம்பை எவ்வளவு உண்மையாகக் கேட்கிறதோ அவ்வளவுக்கு ஸ்பீக்கரையும் கேட்கும். உண்மையான நாதமும் ஃபீட்பேக்கும் ஒரே குணத்தின் இரண்டு பெயர்கள். இதை மனத்தில் இருத்திக்கொண்டால், இனிச் சொல்லப்போகும் சாதனங்களின் குணதோஷங்கள் தாமே வரிசைப்பட்டுவிடும்.

கம்பியின் துறையில் நிற்பது காந்தப் பிக்கப். நிலைகாந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றுச் சுற்றிவைத்து, அதன் காந்தப் புலத்தில் எஃகுக் கம்பி அசையும்போது சுருளில் தூண்டப்படும் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்வது இதன் முறை. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜார்ஜ் பொஷாம்ப், அடால்ஃப் ரிக்கன்பேக்கர் ஆகியோர் இதைக் கொண்டு முதல் மின்சாரக் கிதாரை உருவாக்கினார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஹாரி டிஆர்மண்ட் என்பவர் சாதாரண மரக் கிதாரிலும் பொருத்திக் கழற்றத்தக்க பிக்கப்புகளைச் செய்துவிட்டார். கிப்ஸன் நிறுவனம் 1954-இல் வெளியிட்ட ஜே-160ஈ என்னும் கிதாரில் விரற்பலகையின் கடைசியில் இப்படியொரு பிக்கப் பதிக்கப்பட்டிருந்ததோடு, ஊளையைத் தடுப்பதற்காகவே முகப்பலகையையும் அதன் உள்சட்டங்களையும் வேண்டுமென்றே விறைப்பாக அமைத்திருந்தார்கள்; நாதத்தில் ஒரு பங்கைக் கொடுத்து அமைதியை வாங்கிய வியாபாரம் அது. அப்படியிருந்தும் 1964-இல் பீட்டில்ஸ் குழுவினர் பதிவு செய்த 'ஐ ஃபீல் ஃபைன்' பாட்டின் தொடக்கத்தில் நீண்டு முறுகி ரீங்கரிக்கும் ஃபீட்பேக், ஜான் லெனனின் அந்த ஜே-160ஈ கிதாரிலிருந்து வந்ததே.

காந்தப் பிக்கப்புக்குள்ள ஒரு சூக்ஷ்மமான குறையை அருகிலிருந்து பார்ப்பது நல்லது. மரக் கிதாரின் மேல் இரண்டு கம்பிகள் வெறும் எஃகு. மற்ற நான்கும் எஃகு நடுநாணின்மேல் வெண்கலக் கம்பி சுற்றியவை. வெண்கலத்தைக் காந்தம் அறியாது. எனவே நம் காதுக்குத் தடித்து ஒலிக்கும் கீழ்க்கம்பிகளில் பிக்கப்பின் கணக்கில் உள்ளிருக்கும் மெல்லிய எஃகு மாத்திரமே உண்டு. ஆனால் முழுவதும் எஃகான இரண்டாம் கம்பியோ அளவுக்கு மீறி முந்திக்கொண்டு கத்தும். நல்ல தயாரிப்பாளர்கள் அக்கம்பிக்கு நேரான காந்த முனையைத் தாழ்த்தியோ, ஒவ்வொரு முனையையும் திருகித் தனித்தனியே ஏற்றி இறக்கும்படி செய்தோ இதைச் சமன்படுத்துகிறார்கள். நைலான் கம்பி பூட்டிய கிளாசிகல் கிதாரிலோ இதற்கு வேலையே இல்லை. இன்னொன்று: கம்பியின் அசைவை மட்டும் அறிவதால் பெட்டியின் குரல் இதில் மிகக் குறைவு, அந்தக் காரணத்தாலேயே ஃபீட்பேக்கை நன்றாகத் தாங்கும்.

1993 நவம்பரில் நியூயார்க்கில் எம்.டி.வி. 'அன்பிளக்டு' நிகழ்ச்சிக்காக நிர்வாணா குழுவின் கர்ட் கோபேய்ன் வாசித்த கிதாரை இங்கே நினைவுகூர வேண்டும். அது மார்ட்டின் நிறுவனம் 1959-இல் செய்த டி-18ஈ. நல்ல டி-18 கிதாரின் முகப்பலகையில் டிஆர்மண்ட் பிக்கப்புகளையும் குமிழ்களையும் துளையிட்டுப் பதித்து விற்ற, குறுகிய காலமே தயாரிப்பில் இருந்த மாதிரி. ஒலித்துளையில் அவர் மேலும் ஒரு காந்தப் பிக்கப்பைச் சேர்த்துக்கொண்டு ஆம்ப்ளிஃபயர் வழியாகவே வாசித்தார். அந்த நிகழ்ச்சியின் ஒலியில் மரத்தின் முழக்கத்தைவிடக் கம்பியின் வெண்மையான ஓசை மேலோங்கி நிற்பதைக் கூர்ந்து கேட்பவர்கள் உணரலாம். அந்தப் பாடல்களின் வறண்ட துயரத்துக்கு அது எவ்வளவு பொருந்தியது என்பதும் கேட்டவர்களுக்குத் தெரியும். 2020-இல் அக்கிதார் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. சாஸ்திரப்படி குறையுள்ள பிக்கப் சங்கீதப்படி சரியாக அமைவதும் உண்டு.

அடுத்த துறை சாடிலின் அடி. 1880-இல் பாரிஸ் நகரில் ஜாக் கியூரி, பியர் கியூரி என்னும் சகோதரர்கள், குவார்ட்ஸ் முதலிய சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னேற்றம் தோன்றுகிறது என்று கண்டுபிடித்தார்கள். பீசோ எனப்படும் இந்தக் குணத்தைக் கிதாருக்குப் பிரபலமாகக் கொண்டுவந்தவர்களில் ஹெலிகாப்டர் பொறியியலில் பேரெடுத்த சார்லஸ் காமன் முக்கியமானவர். அவர் 1966-இல் தொடங்கிய ஓவேஷன் கிதார்கள், மேடையில் சுலபமாகப் பெருக்கத்தக்க மரக் கிதார் என்ற எண்ணத்தையே ஜனங்களிடம் பரப்பின. இன்று கடையில் 'எலக்ட்ரோ-அக்கூஸ்டிக்' என்ற பெயரில் வாங்கும் கிதார்களில் மிகப் பலவற்றுள் இருப்பது, சாடிலுக்கும் பிரிட்ஜின் பள்ளத்துக்கும் இடையே கிடக்கும் ஒரு மெல்லிய பீசோ நாடாதான். அது ஆறு கம்பிகளின் விசையையும் நேராக வாங்குகிறது. நைலானா எஃகா என்ற பேதம் அதற்கு இல்லை. ஃபீட்பேக்கையும் ஓரளவு நன்றாகவே தாங்கும்.

அதன் குறையும் எல்லோரும் அறிந்ததே. விரலோ பிளெக்ட்ரமோ கம்பியைத் தெறித்து விடும் கணத்தில் சாடில்மேல் விசை செங்குத்தாக எழுகிறது. வெளியே கேட்பவனுக்கு அந்தத் தெறிப்பு பலகையின் வழியாக வந்து மெத்தென்று ஆகிவிடும். பலகை தனக்கு விருப்பமான அதிர்வெண்களை முழக்கியும் மற்றவற்றை அடக்கியும் தன் கைவரிசையைக் காட்டிவிடும். நாடாவோ பலகைக்கு முன்பே நிற்பதால், அந்தத் தெறிப்பை அப்படியே பச்சையாக எடுத்துக்கொடுக்கிறது. பலமாக அடித்து வாசித்தால் ப்ரீ-ஆம்ப் என்னும் முன்பெருக்கியின் 9 வோல்ட் பாட்டரி அந்தச் சிகரத்தைத் தாங்காமல் வெட்டிவிட, வாத்துக் கத்துவது என்று கிதார்க்காரர்கள் சலித்துக்கொள்ளும் அந்த வறட்டு ஓசை பிறக்கிறது. வீணையின் குடத்தில் காண்டாக்ட் மைக் ஒட்டி வாசித்த கச்சேரிகளை நம் சபாக்களில் கேட்டவர்கள், மீட்டு விழும் ஓசை முன்னே வந்து நாதம் பின்னே தங்கிவிடும் அந்த அனுபவத்தைக் கொண்டு இதை ஊகித்துக்கொள்ளலாம்.

பீசோவின் மேல் சுமத்தப்படும் பழிகளில் ஒன்று மட்டும் உண்மையில் அதனுடையதன்று. அதை இணைக்கும் விதத்தினுடையது. பீசோ நாடா மின்னியல்படி ஒரு மிகச் சிறிய மின்தேக்கி; 500 பைக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். அதனுடன் இணைக்கும் கருவியின் உள்ளீட்டு மின்தடை 10 மெகாஓம் ஆனால், 32 அதிர்வுகளுக்குக் கீழேதான் ஒலி தேயத் தொடங்கும். கிதாரின் ஆறாம் கம்பி 82-இல் இருப்பதால் அதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தப்பிவிடும். அதே நாடாவை 1 மெகாஓம் உள்ளீட்டில் செருகினால் தேய்மானத்தின் எல்லை 320-க்கு ஏறிவிடுகிறது. முதற்கம்பியைத் திறந்து மீட்டினால் வரும் ஸ்வரமே 330 தான் என்பதை எண்ணிப் பாருங்கள். அதற்குக் கீழே உள்ள ஸ்வரங்களெல்லாம் படிப்படியாக மெலிந்து, ஆறாம் கம்பி தன் பலத்தில் கால்வாசிக்கு வந்துவிடும். ஒலியமைப்பாளரின் மிக்சரில் உள்ள 10 கிலோஓம் உள்ளீட்டில் நேரே செருகினாலோ மிஞ்சுவது தகர டப்பாவின் ஓசைதான். நீண்ட கேபிள் வேறு தன் பங்குக்கு மின்னழுத்தத்தைப் பகிர்ந்துகொண்டு சத்தத்தைக் குறைக்கும். ஆகவே நல்ல பீசோவை வாங்கிவிட்டுப் பொருத்தமான ப்ரீ-ஆம்ப் வாங்காமலிருப்பது, பாதிப் பணத்தை வீணாக்குவதாகும்.

ஒரு கம்பி மட்டும் மெலிந்து கேட்கிறது என்ற புகாரும் இப்படித்தான். நாடாவைக் குறை சொல்வதற்கு முன், சாடிலை வெளியே எடுத்து அதன் அடிப்பாகத்தை ஒரு கண்ணாடிமேல் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மயிரிழை அளவு வெளிச்சம் கசியும் இடம் எதுவோ அதன் நேர்மேலே இருக்கும் கம்பிதான் மெலிந்த கம்பியாக இருக்கும். கண்ணாடிமேல் விரித்த உப்புத்தாளில் அடிப்பாகத்தைச் சமமாகத் தேய்த்து, பள்ளத்தின் தரையிலும் தூசியோ மரச்சிராயோ இல்லாமல் துடைத்துவிட்டால், புதிய பிக்கப் வாங்கும் செலவு பல சமயங்களில் மிச்சம்.

மூன்றாவது துறை பலகை. நாணய வடிவிலான சிறிய பீசோ வில்லைகள் மூன்றை, கிதாரின் உள்ளே, பிரிட்ஜுக்கு நேர் கீழே உள்ள பலகையில் இரண்டிரண்டு கம்பிகளுக்கு ஒன்றாக ஒட்டிவிடுவது இந்த முறை. கே அண்ட் கே நிறுவனத்தின் ப்யூர் மினி இதற்குப் பெயர்போன உதாரணம். பாட்டரி வேண்டாம், சாடிலைத் தொட வேண்டாம். பலகையின் அசைவையே எடுப்பதால் நாடாவின் வறட்சி இதில் வெகுவாக நீங்கிக் குரலில் மரம் கேட்கிறது; பெட்டியைத் தட்டித் தாளம் போட்டு வாசிப்பவர்களுக்கு அந்தத் தட்டும் கேட்கிறது. நாதத்தை மட்டும் கொண்டு பார்த்தால், மேடைச் சாதனங்களில் என் மனம் இதன் பக்கமே சாய்கிறது. ஆனால் முன்சொன்ன பரஸ்பரத் தத்துவம் இங்கே கூலியைக் கேட்டு வாங்கிவிடும்: டிரம்ஸ் முழங்கும் மேடையில் சத்தத்தை உயர்த்தியதும் இதுதான் முதலில் ஊளையிடும். பெட்டிக்குள் வைக்கும் குட்டி மைக் இன்னும் ஒரு படி மேலே. அது பெட்டிக்குள் அடைபட்ட காற்றின் 100 அதிர்வு முழக்கத்தினுள்ளேயே குடியிருப்பதால், தனியே உபயோகமாவது அபூர்வம். கீழ்ஸ்தாயியை நாடாவிலிருந்தும், மேலே உள்ள காற்றோட்டமான நயத்தை மட்டும் மைக்கிலிருந்தும் எடுத்துக் கலக்கும் இரட்டை ஏற்பாடுகளில் அது அழகாகப் பயன்படுகிறது.

இவற்றிலிருந்து தேர்ந்தெடுப்பவர் தம் செவியை விசாரிப்பதற்கு முன் தாம் வாசிக்கும் இடத்தை விசாரிக்க வேண்டும் என்பேன். ஐம்பது அறுபது பேர் அமைதியாக அமர்ந்து கேட்கும் கூடத்தில் தனியே விரல்நடையில் வாசிப்பவருக்குப் பலகை வில்லைகளோ, நாடாவும் மைக்கும் சேர்ந்த ஏற்பாடோ தகும். டிரம்ஸோடும் பேஸ் கிதாரோடும் நின்று தாளக்கட்டாக அடித்து வாசிப்பவருக்கு, மரத்தின் நயங்கள் அந்தப் பேரோசையில் எப்படியும் மூழ்கிவிடுமாகையால், நாடாவோ காந்தமோ போதும். ஒலித்துளையை ரப்பர் மூடியால் அடைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. தாத்தா காலத்துக் கிதார் கையில் இருப்பவர் ஒலித்துளையில் இறுக்கிக் கழற்றும் காந்தப் பிக்கப்பைத்தான் நாட வேண்டும். மற்ற வகைகளுக்குக் கிதாரின் வால்முனைத் துளையை 12 மில்லிமீட்டருக்குச் சற்று மேலாக அகலப்படுத்த வேண்டிவரும், அதையாவது பொறுக்கலாம். குமிழ்ப்பெட்டியைப் பதிப்பதற்காக நல்ல கிதாரின் பக்கப்பலகையைச் சதுரமாக அறுப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டேன். அந்த ப்ரீ-ஆம்ப் சில வருஷங்களில் பழசாகிப்போகும், அறுத்த மரம் திரும்பி வராது.

அண்மைக் காலத்தில் கணிப்பொறி ஒரு புதிய வழி திறந்திருக்கிறது. நிசப்தமான அறையில் ஒரே வாசிப்பை நல்ல மைக்கிலும் நாடாவிலும் ஒருசேரப் பதிந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு, மேடையில் நாடாவின் ஒலிமேல் அந்த வித்தியாசத்தைக் கணத்துக்குக் கணம் ஏற்றிவிடுவது அது. ஃபிஷ்மன் நிறுவனத்தின் ஆரா இந்த வழியில் முன்னோடி. விளைவு வியக்கத்தக்கதுதான்; நாடாவில் இல்லாத பெட்டி திரும்பி வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆனால் அப்படித் திரும்பி வருவது 100-இலும் 200-இலும் ஏற்றப்பட்ட பெருக்கமே ஆகையால், அவ்விரண்டு இடங்களிலும் ஃபீட்பேக்கும் கூடவே நெருங்கி வருகிறது. இதைப் பயன்படுத்துபவர்கள் பதிந்த பிம்பத்தைப் பாதியும் நாடாவின் ஒலியைப் பாதியுமாகக் கலந்து வாசிப்பதற்கு அதுவே காரணம்.

எந்தச் சாதனமானாலும், ரசிகர்கள் வருமுன் மேடையில் நின்று கம்பிகளை லேசாகக் கையால் அமுக்கிக்கொண்டு சத்தத்தை மெல்ல உயர்த்திப் பார்க்க வேண்டும். முதலில் முனகத் தொடங்கும் ஸ்வரம் பெரும்பாலும் ஐந்தாம் கம்பியின் அண்டையில்தான் இருக்கும். அங்கே அலையின் நீளம் 3 மீட்டருக்குச் சற்று மேல். எனவே ப்ரீ-ஆம்ப்பில் உள்ள, அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தானை ஒருமுறை மாற்றி அழுத்துவதும், ஸ்பீக்கரிலிருந்து இன்னும் ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்பதும் அந்த இடத்தில் ஏறக்குறைய ஒரே பலனைத் தரும். அப்போதும் முனகினால், நாட்ச் ஃபில்டரின் குமிழைத் திருப்பி அந்த ஒரே ஸ்வரத்தை மாத்திரம் குறைத்துவிட்டு மற்றவற்றைத் தொடாமல் விட வேண்டும்.